பத்துக்கு ஒன்பது

எனக்கு வந்த ஒரு கடிதத்துக்கு நான் மார்க்கு போட்டேன். முதலில் பத்துக்கு ஆறு. திருத்தி எழுதிக் கொடுத்தபோது பத்துக்கு ஒன்பது. எழுதியவள் என் வகுப்புப் பிள்ளை, பதினோரு வயதுப் பெண். அவள் என்னிடம் ஓர் உதவி கேட்டிருந்தாள். நான் அவள் எழுத்தை மெச்சினேன், உதவியைச் செய்யவில்லை. நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். ஆண்டவருக்கு விளங்கியிருக்கும், ஆனால் எனக்கு ஆறவில்லை.

அல்சூரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும்தான். முன்னறையில் சின்ன வகுப்புகள் எல்லாம் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும். பின்னறை என்னுடைய நான்காம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளைகள் என்னைக் கண்டால் நடுங்குவார்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் வாயில் கசக்கிறது.

வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து நான்காம் வகுப்புக்கு அவரே பரீட்சை வைப்பார். கணக்கையும் வாசிப்பையும் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். எழுத்துப் பரீட்சைதான் எமன். அதில் ஐந்து வகை இருந்தது. பலகையில் உள்ளதைப் பார்த்து அழகாக எழுதுவது, சொல்வதைக் கேட்டு எழுதுவது, உறவினருக்குக் கடிதம், மேலானவர்களுக்கு விண்ணப்பம், நாலைந்து குறிப்புகளைக் கொடுத்தால் அவற்றைக் கோத்து ஒரு கதை. முந்தின வருஷம் என் வகுப்பு இதில் மண்ணைக் கவ்வியது. பாதிப் பேருக்கு மேல் தேறவில்லை. மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஒருவன், "மாமா, நான் நல்லா இருக்கேன், நீ செத்தியா" என்று எழுதி வைத்திருந்தான். அது அவர்கள் வீட்டில் விளையாட்டாகப் பேசுகிற பேச்சாம். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் அந்தத் தாளை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அன்று நான் முடிவு கட்டினேன். அடுத்த வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தவறக்கூடாது.

ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வைத்தியம் வைத்திருந்தேன். கேட்டு எழுதுவதற்கு என் குரலே பழகிப்போனால் இன்ஸ்பெக்டர் குரலில் தடுமாறுவார்களே என்று, தபால்காரரையும் கோயில் மணியடிப்பவரையும் பிடித்து வந்து பாடம் படிக்கச் சொன்னேன். மணியடிப்பவருக்குப் பல் பாதி இல்லை. அவர் படித்ததைத் தப்பில்லாமல் எழுதியவர்கள் எந்த இன்ஸ்பெக்டர் படித்தாலும் எழுதிவிடுவார்கள். கதைக்கு, முதல் வரியில் ஊரும் காலமும், கடைசி வரியில் நீதியும் வரவேண்டும் என்று கட்டுப்பாடு. கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும்தான் பெரிய ஏற்பாடு செய்தேன். ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் கத்தியால் வாய் கீறி, சிவப்புப் பெயின்ட் அடித்து, கதவோரம் ஆணியில் மாட்டினேன். அது எங்கள் வகுப்புத் தபால்பெட்டி. வியாழக்கிழமைதோறும் எல்லாரும் எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அதில் போடவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் திருத்தி, திங்கட்கிழமை கொடுப்பேன். திருத்தினதை மறுபடி சுத்தமாக எழுதிப் பெட்டியில் போடவேண்டும். தாளின் இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் எனக்காக விடவேண்டும், சிவப்பு மையில் நான் எழுதுவதற்கு.

அதோடு விட்டேனா? பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு சட்டம் போட்டேன். வாயால் கேட்டால் கிடையாது, எழுதிக் கேட்டால் உண்டு. தண்ணீர் குடிக்கவேண்டுமா, எழுது. நிப்பு உடைந்துபோச்சா, எழுது. "கனம் பொருந்திய ஆசிரியை அம்மாள் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று முடிப்பதற்குள் ஒரு பையன் அவசரம் தாங்காமல் ஓடியேவிட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

எழுதுவதற்குத் தாள் வேண்டுமே. அதற்கு என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா வழி செய்தார். பட்டாளத்துச் சாமான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அங்கே ஒரு பக்கம் அச்சடித்த பழைய படிவங்களைக் குப்பையில் போடுவார்களாம். மேலாளிடம் கேட்டு வாங்கி, பத்து நாளைக்கு ஒருதரம் ஒரு கட்டு கொண்டுவருவார். வாசலுக்கு வெளியிலேயே நிற்பார், உள்ளே வரமாட்டார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"பாப்பா எப்டி எழுதுது டீச்சரம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"நல்லா எழுதுறா."

"நீங்க சொன்னா சரிதான்" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நல்லா எழுதுறா என்று நான் சொன்னது சும்மா வாய்ப்பேச்சில்லை. அந்தப் பெண் வகுப்பிலேயே கெட்டிக்காரி. நிப்பை அழுத்தி எழுதுவாள், தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். பேச்சுதான் கிடையாது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். எழுதச் சொன்னால் மட்டும் கொட்டுவாள். இன்ஸ்பெக்டர் பரீட்சையில் முதலாவதாக வருகிற பெண்ணுக்குத் பட்டாளம் இருக்கிற தண்டுப் பகுதியில் ஒரு மிடில் ஸ்கூலில், விடுதிச் சாப்பாட்டோடு, இலவசமாக ஓர் இடம் உண்டு. அந்த இடம் இவளுக்குத்தான் என்று எனக்கு நிச்சயம். அவளிடமே சொல்லியிருந்தேன். அன்று ஒருநாள்தான் அவள் தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

விண்ணப்பங்கள் வர வர எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லாருக்கும் காய்ச்சல். "எனக்குக் காய்ச்சல் கண்டிருப்பதால் இரண்டு நாள் விடுமுறை தரும்படி." முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். ஒரு திங்கட்கிழமை தாள்கட்டைத் தூக்கி மேஜையில் அடித்தேன். "இன்ஸ்பெக்டர் இதைப் படிச்சா ஊர்ல கொள்ளைநோய்னு பள்ளிக்கூடத்தையே மூடிட்டுப் போவாரு! காய்ச்சலை விட்டா வேற கஷ்டமே இல்லையா உங்களுக்கு? புதுசா ஒரு காரணம் எழுதுங்க. படிக்கிறவங்க நிஜம்னு நம்பணும்" என்று கத்தினேன்.

அந்த வியாழக்கிழமை பெட்டியில் விழுந்தவற்றில் ஒருவன் வீட்டு எருமை கிணற்றில் விழுந்திருந்தது. இன்னொருவன் வீட்டுக் கூரையைக் குரங்கு பிய்த்திருந்தது. இரண்டு பேர் தாத்தாக்களைச் சாகடித்திருந்தார்கள். சனிக்கிழமை சாப்பாடு முடிந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, சிவப்பு மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துத் திருத்தினேன். அந்தக் கட்டின் நடுவில் அவளுடையது இருந்தது. அதே பட்டாளத்துப் படிவத்தின் பின்பக்கம், அதே இரண்டு விரல் இடம் விட்டு. அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அவள் எழுதியது இது:

"கனம் பொருந்திய ஆசிரியை அம்மாள் அவர்களுக்கு, நான்காம் வகுப்பு மாணவி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். கோலார் தங்கவயலில் இருந்த எங்கள் அக்கா செத்துப்போயிட்டாங்க. அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பப்போகிறார்கள். போனால் அங்கேயே இருக்கவேண்டும். பரீட்சை எழுதிவிட்டுப் போகிறேன் என்று அழுதேன். டீச்சர் வந்து சொன்னால் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். தாங்கள் தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவேண்டும். எங்கள் வீடு ஜோகுபாளையத்தில் தெருக்குழாய்க்கு எதிரே. பச்சைக் கதவு. ஒரு பக்கம் உடைந்திருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

நான் இதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "செத்துப்போயிட்டாங்க" என்பதை அடித்து "காலமானார்" என்று எழுதினேன். "தெருக்குழாய்க்கு எதிரே. பச்சைக் கதவு. ஒரு பக்கம் உடைந்திருக்கும்" என்பதன்மேல் நீளமாகக் கோடு இழுத்து, ஓரத்தில் "தேவையற்ற விவரம்" என்று எழுதினேன். "எனக்குச் சோறு இறங்கவில்லை" என்பதையும் அடித்தேன். "விண்ணப்பத்தில் சொந்த வருத்தம் கூடாது." அடியில், "காரணம் புதுமை. நம்பும்படி உள்ளது. 6/10." அடுத்த தாளை எடுத்தேன். எருமைக்கு ஐந்து போட்டேன்.

புதிதாகக் காரணம் எழுது, நிஜம்போல எழுது என்று சொன்னவள் நான்தானே. அதனால் நிஜம் வந்து நின்றபோது, என் பாடத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். இதுதான் என் சமாதானம். சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அது ஓட்டைப் பானையாகத்தான் இருக்கிறது. அவள் அப்பாவை எனக்குத் தெரியும். பத்து நாளைக்கு ஒருதரம் வாசலில் நிற்கிறவர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தேன். அவள் தன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு கேட்டது.

"என்ன?" என்றேன், தலையைத் தூக்காமல்.

"டீச்சர், வந்து..."

"எழுதிக்கிட்டு வா. சட்டம் தெரியுமில்ல?"

"எழுதிட்டேன் டீச்சர்."

"எழுதிட்டா போய் உட்காரு. திருத்தினதைச் சுத்தமா எழுதிப் போடு."

போய் உட்கார்ந்தாள். எழுதினாள். நான் அடித்ததையெல்லாம் விட்டு, திருத்தினதையெல்லாம் சேர்த்து, கையெழுத்தை இன்னும் அழகாக்கி, சாயங்காலத்துக்குள் பெட்டியில் போட்டுவிட்டாள். கடிதம் நன்றாயிருந்தால்தான் டீச்சர் வருவார்கள் என்று நினைத்திருப்பாள். பதினோரு வயதில் வேறென்ன நினைக்கத் தோன்றும்?

மறுநாள் அந்தப் பிரதிக்கு ஒன்பது போட்டேன். அந்த வருஷம் யாருக்கும் நான் எட்டுக்கு மேல் போட்டதில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பு முன்னால் நின்று உரக்கப் படித்தேன். "விண்ணப்பம்னா இப்படி இருக்கணும். மரியாதை இருக்கு, காரணம் இருக்கு, கேட்கிறது என்னன்னு தெளிவா இருக்கு, அனாவசியமா ஒரு சொல் இல்ல" என்றேன். பலகையில் எழுதிப்போட்டேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒப்பிக்கவும் வைத்தேன். "தாங்கள் தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவேண்டும்" என்று முப்பத்திரண்டு குரலும் சேர்ந்து என்னைப் பார்த்துக் கத்தின. அவளும் அந்தக் குரல்களில் ஒருத்தி. நான் பிரம்பால் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அவள் அப்பா தாள்கட்டோடு வந்தார். வழக்கம்போல வாசலில் நின்றார்.

"பாப்பா எப்டி எழுதுது டீச்சரம்மா?"

"அருமையா எழுதுறா. ஒன்பது மார்க்கு போட்டிருக்கேன்."

"நல்லதும்மா" என்றார். கட்டைக் கொடுத்துவிட்டும் போகவில்லை. துண்டை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். "வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்களாம்மா?" என்று கேட்டார்.

தாள் போதுமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல, இது போதும். பரீட்சை வரைக்கும் வரும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "அது ஊருக்குப் போயிடுச்சு டீச்சர்" என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "லீவு லெட்டர் எங்கே?" என்று கேட்டேன். பரீட்சை நெருங்கும்போது ஊர் சுற்றப் போகிறாளா என்று பல்லைக் கடித்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பில் கோடு போட்டு, "விண்ணப்பம் இல்லை" என்று எழுதினேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், கோட்டுக்கு மேல் சரிகைத் தலைப்பாகை, கையில் குடை. மெதுவாகப் பேசுவார். கேட்டு எழுதுவதில் என் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதினார்கள். கதையில் எல்லாரும் நீதி சொன்னார்கள். பிறகு அவர் பலகையில் எழுதினார்: உன் ஆசிரியரிடம் ஏதேனும் ஓர் உதவி வேண்டி விண்ணப்பம் எழுதுக. முப்பத்தொரு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. நிப்புகள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஒரு பெண் இல்லையே, அவளும் இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று மட்டும் ஒரு குறை.

தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, தாள்களை அவர்முன் வைத்தோம். தலைமையாசிரியர் பின்னால் நின்றார். இன்ஸ்பெக்டர் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் புன்னகை வந்தது. பையன்கள், பெண்கள் என்று எல்லார் அக்காவும் தங்கவயலில் காலமாகியிருந்தார்கள். எல்லார் வீட்டிலும் கைக்குழந்தை. ஒரே ஒருவன் மட்டும் அக்காவுக்கு மனசு வராமல் சித்தியைச் சாகடித்திருந்தான்.

"எல்லாரும் தேறிட்டாங்கம்மா" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் தாள்களைக் கீழே வைக்கவில்லை. மேலும் நாலைந்தைப் புரட்டினார். புன்னகை போய்விட்டது.

"எல்லாரும் ஒரே லெட்டர் எழுதறது எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உண்டு. அதை நான் தப்பா எடுத்துக்கல. வழக்கமா அது வாத்தியார் எழுதிக் குடுத்ததா இருக்கும். இது அப்படித் தெரியலையே. இதை முதல்ல யார் எழுதினது?"

"என் வகுப்புப் பொண்ணு ஒருத்தி சார்."

"இங்க இருக்காளா?"

"இல்ல சார். ஒரு வாரமா வரல. ஊருக்குப் போயிட்டாளாம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். குரல் ஏறவில்லை.

"உங்களை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லித்தானேம்மா எழுதியிருக்கா. போனீங்களா?"

அந்தத் தாழ்வாரத்தில் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது? "நம்பும்படி உள்ளது" என்று நானே எழுதினது கண்முன்னால் வந்தது. தலைமையாசிரியர் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் தாள்களை மெதுவாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டிவிட்டு, "போயிட்டு வாங்க, இப்பவே போங்க" என்றார்.

ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். ஜோகுபாளையம் பக்கம்தான், கால் மணி நடை. அந்த வருஷம் முழுவதும் நான் ஒருதரம்கூடப் போகவில்லை. வீடு எதுவென்று தெரியாது. பலகையில் எழுதிப்போட்ட விண்ணப்பத்தில் அடையாளம் எதுவும் இல்லை, நான் விட்டுவைக்கவில்லையே. அடித்துப்போட்ட வரி மனசில் இருந்தது. தெருக்குழாய், பச்சைக் கதவு, ஒரு பக்கம் உடைந்திருக்கும். தேவையற்ற விவரம் என்று நான் எழுதிய அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அவள் அம்மா கதவைத் திறந்தாள். அழுது அழுது வற்றிப்போன முகம். மூத்த மகளைப் புதைத்து ஒரு மாதம் ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முக்காலியைத் துடைத்துப் போட்டாள். என்னால் உட்கார முடியவில்லை.

"பாப்பா எங்கே?" என்றேன். கேட்கும்போதே தெரியும்.

"போன வாரமே தங்கவயலுக்கு அனுப்பிட்டோமே டீச்சரம்மா. தண்டு ஸ்டேஷன்ல அவங்க அப்பாதான் ரயிலேத்திக் கூட்டிட்டுப் போயி விட்டாரு. பச்சைக் கொழந்த, பால் குடுக்க ஆளில்ல. நானும் இங்க இவரையும் சின்னதுங்களையும் விட்டுட்டு எப்படிப் போறது?"

"பரீட்சை வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கலாமே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதான் டீச்சரம்மா நாங்களும் யோசிச்சோம். பத்துப் பதினஞ்சு நாள்தானே, பக்கத்து வூட்டுப் பாட்டியம்மாவ அதுவரைக்கும் அனுப்பலாம்னு பேசிக்கூட வெச்சிட்டோம். டீச்சர் வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்னாரு. பாப்பா எழுதிக் குடுத்திருக்கேன்னுச்சு. நீங்க வரல. சரி, இவரே போயி வாசல்ல நின்னு கேட்டாராம். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களாம். டீச்சருக்கே ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னா நம்ம என்ன பண்றதுன்னு ஜல்தி ஜல்தியா கௌப்பிட்டாரு."

அவள் உள்ளே போய் ஒரு பழைய தகரப்பெட்டியைத் திறந்து இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று ஆறு, ஒன்று ஒன்பது. "இத உங்ககிட்டயே குடுக்கச் சொல்லிச்சு" என்று நீட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு அந்தச் சிவப்பு எண்களின் வித்தியாசம் மட்டும் தெரிந்திருந்தது. ஒன்பது போட்ட தாளைத் தொட்டுக் காட்டினாள்.

"இது வந்த அன்னிக்குப் பாப்பா குதிச்சுச்சு டீச்சரம்மா. பத்துக்கு ஒம்போது குடுத்திருக்காங்க, கட்டாயம் வருவாங்கன்னு சொல்லிச்சு. வூட்டப் பெருக்கித் தண்ணி தெளிச்சு, இந்த முக்காலியக் கழுவி வெச்சுது. தெனமும் சாயங்காலம் கொழாயாண்ட போயி நின்னுக்கும். ரயிலேறப் போறப்பகூட ஒண்ணுதான் கேட்டுச்சு. அந்த ஒரு மார்க்கு எதுக்கும்மா கொறஞ்சுதுன்னு. எனக்கு என்னா தெரியும்? உங்களக் கேக்கச் சொல்லிச்சு. எதுக்கு டீச்சரம்மா?"

விண்ணப்பத்துக்கும் கடிதத்துக்கும் பத்துக்குப் பத்து போடுவது எங்கள் வழக்கமில்லை. அதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது. அதை அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிஸ்கட் டின்னை அன்றே ஆணியிலிருந்து பிடுங்கினேன். அது என்ன பாவம் செய்தது?

மிடில் ஸ்கூல் இடம் இரண்டாவதாக வந்த பெண்ணுக்குப் போயிற்று. அவள் எழுதிய விண்ணப்பமும் இவளுடையதுதான். நான் தங்கவயலுக்குப் போயிருக்கவேண்டும். அரை நாள் ரயில், ஒரு சனிக்கிழமை போதும். போகவில்லை. முகத்தில் விழிக்கப் பயம் என்பதுதான் உண்மை, மற்றக் காரணங்களெல்லாம் நான் பிறகு செய்துகொண்டவை. கடிதம் எழுதினேன். நாலு பக்கம், அழுகையும் மன்னிப்புமாக. அந்த ஒரு மார்க்கைப் பற்றியும் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதே அழுத்தமான எழுத்து. "கனம் பொருந்திய ஆசிரியை அம்மாள் அவர்களுக்கு, இங்கு யாவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். தங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தை நலம். தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி." அவ்வளவுதான். வீடு எங்கே, கதவு எப்படி, குழந்தை ஆணா பெண்ணா, அவள் சாப்பிடுகிறாளா, அழுகிறாளா, ஒன்றும் இல்லை. தேவையற்ற விவரமோ சொந்த வருத்தமோ ஒரு சொல்கூட இல்லை. பிழையும் இல்லை.

இடப்பக்கம் இரண்டு விரல் அகலம், எனக்காக, காலியாக விட்டிருந்தாள்.